ஒரே ஒருமுறை எழுதிய கார்பன் தாள்

என் வலது கை ஆட்காட்டி விரலில் நீல மை ஒட்டியிருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவினேன், புளி வைத்துத் தேய்த்தேன், போகவில்லை. விரலை மூக்கருகே கொண்டுபோனால் மெழுகும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாசம். அது உன் வாசம். அரியலூரில் உன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இந்த வாசம்தான் முதலில் வந்து என்னை ‘வா’ என்று கூப்பிடும். நீ அதற்கப்புறம்தான் கூப்பிடுவாய்.

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. இத்தனை வருஷமும் யாருக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றாலும் உன்னிடம்தான் வருவேன். இப்போது உனக்கே எழுத வேண்டி வந்திருக்கிறது, எழுதித் தர நீ இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. வரி கோணும், எழுத்து குண்டாக இருக்கும். பொறுத்துக்கொள்.

பழக்கத்தில் எழுதிவிட்டேன். பொறுத்துக்கொள்ள வேண்டியவள் நீ இல்லை.

செந்துறைக்குப் பக்கத்தில் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். அப்புறம் நீ செந்துறைக்குப் பஸ் ஏறினாய். நான் தம்பிகளை இடுப்பில் ஏற்றினேன். அதில் எனக்கு வருத்தம் இருந்தது, உன்மேல் பொறாமை இருந்ததில்லை. நீ படிப்பதில் பாதி என்னுடையது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பாடாலூருக்கு வாக்கப்பட்டுப் போய் வெங்காயக் காட்டில் இறங்கினேன். நீ அரியலூரில் ஒரு ஆபீசில் எழுத்தர் வேலைக்குப் போனாய். எங்கள் கிணற்று மோட்டாருக்குக் கரண்டு கேட்டு எழுதியதிலிருந்து, திருப்பூரில் இருந்த என் கொழுந்தனாரைப் பொங்கலுக்கு வரச் சொன்னது வரைக்கும் எல்லாம் உன் கைதான்.

எதை எழுதினாலும் அடியில் ஒரு கார்பன் தாளை வைத்து எழுதுவாய். காப்பியைக் கிழித்து, ஓட்டை போட்டு, நூல் கோத்து ஒரு பிஸ்கட் டின்னில் வைப்பாய். “ஏன்டி, பொங்கலுக்கு வாங்கன்னு சொன்னதுக்குமா காப்பி?” என்று கேட்டால் சிரிக்க மாட்டாய். “காப்பி இல்லாத கடுதாசி காத்துல பேசின மாதிரி, புள்ள. நாளைக்கி எவனாவது இல்லன்னா என்னாத்தக் காட்டுவே?” என்பாய்.

நான் படிக்கத் தெரியாதவள் இல்லை. அது உனக்கும் தெரியும். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், நேரமாகும், அவ்வளவுதான். ஒருநாள் உன் ஆபீசுக்கு வந்தபோது சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை வாய்விட்டுக் கூட்டிக்கொண்டிருந்தேன். உன்னோடு வேலை பார்த்த ஒருத்தர், “அம்மா முடிக்கறதுக்குள்ள பெரம்பலூர் பஸ்ஸு ரெண்டு போயிடும் போலருக்கே” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் கோபப்படவில்லை, நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். ஆனால் அன்றிலிருந்து உன் முன்னால் நான் எதையும் படித்ததில்லை. நீ எழுதி நீட்டினால் கீழே கையெழுத்துப் போடுவேன். என் ரோஷம் அப்படி. மெதுவாகப் படிப்பவள் என்று நீ நினைப்பதைவிட, நம்பிப் போடுகிறவள் என்று நினைக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

நீ போய்ப் பதினாறாம் நாள் காரியத்தில் உன் மகன் அந்த பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். “அம்மா இத உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொன்னாங்க சின்னம்மா.” நான் அழுத அழுகையில் டின்மேல் இருந்த ரோஜாப்பூப் படம் நனைந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் வைத்தேன். திறக்கவில்லை. திறந்தால் நீ முழுசாகப் போய்விட்டதாக ஆகிவிடும் என்று ஒரு எண்ணம்.

திறக்க வைத்தவள் இலக்கியா. என் மகள் செல்வி பெற்ற மகள், உன் அண்ணனுக்குப் பேத்தி, நம் இரண்டு பேருக்கும் நடுவில் முளைத்தவள். சென்னையில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். என்ன ஆராய்ச்சி என்று உனக்கும் சரியாகத் தெரியாது. எனக்கும் போன மாசம்தான் தெரிந்தது. தெரிவதற்கு முன்னாலேயே நான் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

பஸ் ஸ்டாப்பில் எதிர்வீட்டு அஞ்சலை பிடித்துக்கொண்டாள். “ஏங்க்கா, ஒங்க பேத்தி செல்லு வேலையில இருக்குதாமே? எம்மவன் செல்லு கீழ உழுந்து கோடு கோடாத் தெரியுது. வரும்போது டிஸ்பிளே ஒண்ணு மாத்திக் குடுக்கச் சொல்லுங்க.”

“அது ரிப்பேர் கடை இல்லடி. இனிமே வரப்போற டிஸ்பிளேக்கு வழி கண்டுபுடிக்குது எம் பேத்தி.”

“அப்ப வந்ததும் எனக்கு ஒண்ணு எடுத்து வைக்கச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள்.

லீவுக்கு வந்த இலக்கியாவிடம் இதைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்று மத்தியானம் குழம்புக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். “சிரிக்காம சொல்லு. அடுத்த தடவ அவ கேட்டா நான் சொல்லணும்” என்றேன்.

போனை எடுத்துக் காட்டினாள். இந்தத் திரையில் தெரிவதெல்லாம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றே நிறத்துப் புள்ளிகளாம். ஒரு தலைமுடியின் கனத்துக்குள் ஒன்றிரண்டு புள்ளி அடங்கிவிடுமாம். ஒவ்வொரு புள்ளியும் கரண்டு பட்டால் தானாகவே ஒளிரும் ஒரு மருந்து. அதற்கு ஓஎல்இடி என்று பேர். அந்த மருந்தை எப்படிப் புள்ளி புள்ளியாகக் கண்ணாடியில் வைப்பது என்பதுதான் பாடு.

“இட்லித் தட்டு ஓட்டை வழியா ஆவி வருதுல்ல அம்மாயி? அது மாதிரி, மெலிசான தகட்டுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டையாப் போட்டு, கீழ மருந்தைச் சூடு பண்ணுவாங்க. ஆவி ஓட்டை வழியா ஏறிப் போயி மேல இருக்கற கண்ணாடியில படியும். இப்ப வர்ற போனெல்லாம் பெரும்பாலும் அப்படித்தான். ஆனா தகடு பெருசானா நடுவுல தொய்யும். கொடிக்கயிறு தொய்யற மாதிரி. தொய்ஞ்சா பச்சை உழ வேண்டிய எடத்துல செவப்பு போயி உழும்.”

“அப்ப நீ என்னாதான் பண்ற?”

“எனக்குத் தகடே வேணாம். ஒரு பிலிம்ல மருந்தை மெலிசாப் பூசிடுவோம். பூசின பக்கம் கண்ணாடியப் பாக்கற மாதிரி அதுமேல குப்புற வைப்போம். முதுகுப் பக்கமா லேசர் அடிப்போம். லேசர் பட்ட எடம் மட்டும் சூடாகி, மருந்து பிலிமை உட்டுட்டுக் கண்ணாடியில போயி ஒட்டிக்கும். படாத எடம் பிலிம்லயே நிக்கும்.” வெங்காயத் தோலை ஊதிவிட்டு என்னைப் பார்த்தாள். “கார்பன் தாள் பாத்திருக்கீங்கல்ல? அதேதான். பேனாவுக்குப் பதிலா லேசர்.”

பார்த்திருக்கிறேனா! “அரியலூர் அப்பத்தா வூட்டுல நான் பாக்காத கார்பனா?” என்றேன். எனக்கு அவ்வளவு பெருமை. உலகத்தில் யாரும் புரிந்துகொள்ளாத வேலை என் பேத்தியுடையது என்று பயந்துகொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் அது உன் மேஜைமேல் கிடந்த வேலை. ‘கேட்டியாடி’ என்று மனசுக்குள் உன்னிடம்தான் சொன்னேன்.

காற்றில் இருக்கிற ஈரம் பட்டாலே அந்த மருந்தில் கருப்புப் புள்ளி விழுந்து பெரிசாகிக்கொண்டே போகுமாம். அதனால் காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள், வெளியிலிருந்து ரப்பர் கையுறைக்குள் கையை விட்டு வேலை செய்வார்களாம். அவள் செய்த முதல் கண்ணாடி விளக்கு மாதிரி எரிந்ததைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தாள். கருப்பு நடுவில் வரிசையாகப் பச்சை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயம் என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு உறையை எடுத்தாள். ஆகிப்போன பிலிம் துண்டு ஒன்று, என்னிடம் காட்டவென்று எடுத்து வந்தாளாம். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு சின்ன பூதக்கண்ணாடியைப் போன்மேல் வைத்துக் காட்டினாள். மங்கல் மஞ்சளில், ஏர் ஓட்டிய காடு மாதிரி நெருக்கமாக வெள்ளைக் கோடுகள்.

“இந்த வெள்ளையெல்லாம் மருந்து போன எடம் அம்மாயி. கண்ணாடியில பதிஞ்சது நாளைக்கிக் கெட்டுப்போனாக்கூட, என்ன அடிச்சோம், எங்க அடிச்சோம்னு பிலிமை வெளிச்சத்துல புடிச்சாப் போதும், சொல்லிடும். போன எடம் காலியா நிக்குதுல்ல? அத மறைக்க முடியாது.”

சாப்பிட்டுவிட்டு அவள் கூடப் படித்த பெண்ணைப் பார்க்கப் பெரம்பலூர் போனாள். நான் தனியாக இருந்தேன். சாயங்காலம் அவள் திரும்பி வரும்போது ஒரு நிஜக் கார்பன் தாளை எடுத்து வைத்துக் காட்டலாம் என்று தோன்றியது. அந்த ஆசையில்தான் உன் டின்னைத் திறந்தேன்.

காப்பி எல்லாம் வரிசையாக நூலில் கோத்திருந்தன. மோட்டார் கடிதம் இருந்தது. ரோடு கேட்டு எழுதிய மனு இருந்தது. செல்விக்காகத் திருச்சிப் பாலிடெக்னிக்குக்கு எழுதிய கடிதத்தின் காப்பியைத் தேடினேன், அது மட்டும் இல்லை. அடியில் கார்பன் தாள்கள். ஒன்றின்மேல் ஒன்றாகப் பல கடிதம் எழுதி வெளுத்துப்போனவை, எந்த எழுத்தும் தெரியாது. எல்லாவற்றுக்கும் கீழே, பேப்பருக்குள் மடித்து, ஒன்றே ஒன்று பளபளவென்று இருந்தது. விரித்துப் பார்த்தேன். ஒரே ஒருமுறை எழுதிய தாள். அது எந்தத் தாள் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அதை வாங்கியவளே நான்தானே.

செல்வி பன்னிரண்டாவது முடித்த வருஷம். வீட்டில் கெட்டுப்போகிற ரேடியோவை எல்லாம் பிரித்து மாட்டுகிற பெண். திருச்சியில் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் சேர இடம் கிடைத்திருந்தது. சேர்வதாக இருந்தால் பெற்றோர் கையெழுத்தோடு பதில் எழுத வேண்டும், பிறகு வரவேண்டிய நாளைத் தெரிவிப்போம் என்று கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு, பெரம்பலூரில் பஸ் மாறி, உன்னிடம் ஓடிவந்தேன். என் மகள் கடிதத்துக்குக் காப்பி பளிச்சென்று விழ வேண்டும் என்று அரியலூர் பஸ் ஸ்டாண்டுக் கடையில் புதுக் கார்பன் ஒன்று வாங்கி, கசங்காமல் சுருட்டி, பையில் நிறுத்தி எடுத்து வந்தேன்.

உன் ஜன்னலுக்கு வெளியே கொய்யா இலை எல்லாம் சிமெண்டுத் தூசியில் வெள்ளையாக இருந்தது. நீ எழுதினாய். நான் உன் முதுகுக்குப் பின்னால் நின்று முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தேன். எழுதி முடித்ததும் என் பக்கம் திரும்பி வாசித்தாய். எனக்கு ஒவ்வொரு சொல்லும் மனப்பாடம். “என் மகள் தங்கள் பாலிடெக்னிக்கில் சேர முழு மனதுடன் சம்மதிக்கிறேன். விடுதியிலும் இடம் அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

“பணிவுடன்னு போட்டிருக்கியே, நல்லாருக்குடி” என்றேன்.

“போடணும்ல? பொண்ணப் பெத்தவ நீ” என்றாய். “ம், கையெழுத்தப் போடு புள்ள. அழுத்திப் போடு. காப்பியில உழணும்.”

அழுத்திப் போட்டேன்.

அந்தத் தாளைத்தான் டின்னைத் திறந்த மத்தியானம் ஜன்னலில் பிடித்தேன். முதலில் மைப் பக்கம் என்னைப் பார்த்திருந்தது, எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம்வலம் மாறித் தெரிந்தது. திருப்பிப் பிடித்தேன். நீலத்துக்குள் மெல்லிசாக வெளிச்சம் எழுதியிருந்தது. உன் கையெழுத்து. சாய்ந்த, அழகான கையெழுத்து. என்னைப் பார்த்துச் சிரிக்க யாரும் இல்லாததால் வாய்விட்டே கூட்டினேன்.

“ஐயா. தங்கள் கடிதம் கிடைத்தது. குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகள் தங்கள் பாலிடெக்னிக்கில் சேர இயலவில்லை. அந்த இடத்தை வேறு மாணவிக்கு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

கீழே என் கையெழுத்து. நீ சொன்னபடி நன்றாக அழுத்திப் போட்டது. குண்டு குண்டாக, ஒரு எழுத்தும் விடாமல்.

ஒருமுறை படித்ததில் நம்பிக்கை வராமல் மூன்று முறை படித்தேன். எனக்குப் படிக்கத் தெரியாமல்தான் இப்படித் தெரிகிறதோ என்றுகூட நினைத்தேன். பார், அப்போதும் உன்னைக் குற்றம் சொல்ல மனம் வராமல் என் ஐந்தாம் வகுப்பைத்தான் குற்றம் சொன்னேன்.

எழுதியதைக்கூட விடு. ஒரு கெட்ட நேரத்தில் கை எழுதிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் நீ தாளைக் கையில் பிடித்து, கண்ணைத் தாளில் வைத்து, வரி வரியாகக் கண்ணை நகர்த்தி, அதில் இல்லாததை வாசித்தாய். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாய். ‘பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடித்தது மட்டும் நீ வாசித்ததிலும் தாளிலும் அப்படியே இருந்தது. நான் பாராட்டியதும் அதைத்தான்.

கடிதத்தை நீயே பசை தடவி ஒட்டிக் கொடுத்தாய். நான் வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். மறுநாள் திருச்சி மண்டிக்கு வெங்காயம் ஏற்றிக்கொண்டு போகிற அவசரம் அவருக்கு. இருந்தாலும் அன்று சாயங்காலமே பாடாலூர் போஸ்ட் ஆபீசில் போட்டுவிட்டதாகச் சொன்னார். நாங்கள் காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. நான் மறுபடி உன்னிடம் வந்து நின்றேன். நீ ஆபீஸ் போனிலிருந்து கேட்டுப் பார்த்ததாகச் சொன்னாய். “கடுதாசி லேட்டாப் போயிருக்கு புள்ள. எடத்த வேற பொண்ணுக்குக் குடுத்துட்டாங்களாம். அண்ணன் எப்பப் போட்டாரு?”

அந்த ஒரு கேள்வியை மட்டும் நீ கேட்காமல் இருந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து நான் ஆடிய ஆட்டம் உனக்குத் தெரியாது. சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு மண்டிக்குப் போய்விட்டு ஆடி அசைந்து போட்டிருக்கிறீர்கள் என்று கத்தினேன். அவர் திண்டாடிப் போனார். “போட்டுட்டேன் இவளே. அன்னைக்கே போட்டேன். பொட்டிக்குள்ள உழுந்த சத்தம் கேட்டுது” என்றார். நேரில் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். திருச்சிக்குப் பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. போயிருந்தால் அன்றைக்கே எல்லாம் வெளியே வந்திருக்கும். நான்தான் குறுக்கே நின்றேன். “நீங்க கெடுத்தது பத்தாதா? அங்க போயி வேற அசிங்கப்படணுமா?” என்றேன். வேட்டியை இறக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவர் உன்னைத் ‘தங்கச்சி’ என்றுதான் கூப்பிடுவார். ‘தங்கச்சி எழுதினா தப்பு இருக்காது’ என்பார். தப்பு யாரிடம் என்று நான் முடிவு செய்துவிட்ட பிறகும் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை அவர் சொன்னதில்லை. செல்வி அவரிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். சாகிற வருஷம்கூட, மாத்திரை வாங்கி வர மறந்தவரைப் பார்த்து, “மறக்கறதுக்குன்னே பொறந்த மனுசன்” என்று நான் சொன்னேன். அவர் கையை மட்டும் பெட்டிக்குள் எதையோ போடுகிற மாதிரி ஒருமுறை அசைத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

செல்வியின் படிப்பு போன அந்த வருஷம் தை மாசம் உன் அண்ணன் மகனுக்குப் பெண் கேட்டு நீ தட்டோடு வந்தாய். “அஞ்சாப்புலேருந்து நாம ரெண்டு பேரும் சொந்தமாயிடணும்னு எனக்கு ஆசை புள்ள” என்று என் கையைப் பிடித்தாய். நான் அதை அன்பு என்று எடுத்துக்கொண்டேன். அன்பாகவும் இருக்கலாம், அதுதான் எனக்கு ஆறவில்லை. வெறும் ஆசைக்காகச் செய்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். என்னைச் சொந்தமாக்கிக்கொள்ள என் மகளின் படிப்பை எடுத்தாய், என் வீட்டுக்காரர் வாக்கை எடுத்தாய். பெண் திருச்சிக்குப் போனால் கைமாறிப் போய்விடுவாள் என்று பயந்தாயா? என்னிடம் கேட்டிருக்கலாமே. மூன்று வருஷம் பொறுத்துத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தால் நான் மறுத்திருப்பேனா?

மருமகன் நல்லவர். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் உன்னை மாதிரி நானும் உள்ளதை மறைத்ததாகிவிடும். செல்வியை ஒரு சொல் சொன்னதில்லை. இலக்கியாவைப் படிக்க வைப்பதில் உன் அண்ணன் வீட்டில் முனகல் வந்தபோது, நடுவீட்டில் நின்று, “அந்தப் புள்ள படிக்கும். எவன் தடுக்கறான்னு பாக்கறேன்” என்று நீதான் கத்தினாய். நான் உன்னைக் கும்பிட்டேன் அன்று. எதைக் கழுவுவதற்கு அந்தச் சத்தம் என்று இப்போது கேட்கிறேன், பதில் சொல்ல நீ இல்லை.

இதில் என்னைப் போட்டு அரைப்பது வேறொன்று. நீ அதை எழுதாமல் இருந்திருந்தால் இலக்கியா இல்லை. அவள் மூக்கு உன் மூக்கு. சிரிக்கும்போது உன் மாதிரியே வலது பக்கம் ஏறும். நான் தெருத் தெருவாகப் பெருமை பேசுகிற பெண், நீ பொய் எழுதிய கையெழுத்திலிருந்து முளைத்தவள். நீ செய்தது நடக்காமல் இருந்திருக்க வேண்டும் என்று முழுசாக ஆசைப்படக்கூட எனக்கு வழி வைக்கவில்லை நீ.

அன்று சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது தாளை மறைத்துவிட்டேன். வேறு பேச்சுக்காக, “ஒரு புள்ளி கெட்டுப்போயிட்டா என்னா பண்ணுவீங்க?” என்று கேட்டேன். கெட்ட இடத்தை மட்டும் அதே லேசரால் சுட்டுத் துண்டித்துவிட்டால், மீதி எரியும் என்றாள். நல்ல வித்தை. எனக்கும் அது கைவந்தால் உன்னை அப்படிச் சுட்டு எடுத்திருப்பேன். ஆனால் நீ ஒரு புள்ளியாக இல்லை. என் கதையில் எங்கே தொட்டாலும் நீ இருக்கிறாய்.

மூன்று வாரம் அந்தத் தாள் தலையணை உறைக்குள் இருந்தது. செல்வியிடம் சொல்வதா வேண்டாமா? சொன்னால், உன்னைக் கும்பிடுகிற அவள் புகுந்த வீட்டில் கல் விழும். சொல்லாவிட்டால் அவள் அப்பா கெடுத்தவராகவே கிடப்பார். சொல்லாமல் விடச் சொல்லித்தான் மனசு இழுத்தது. செல்விக்காக என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் தெரிந்தது, செல்விக்காக இல்லை. நேரில் போகக் கிளம்பிய மனுசனைத் தடுத்தது நான் என்று அவளுக்குத் தெரிந்துவிடுமே என்று பயம். என் பயம்தான் அது என்று புரிந்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை செல்வி அரியலூரிலிருந்து வந்தாள். ஜன்னல் பக்கம் கூட்டிப்போய்த் தாளைக் கையில் கொடுத்தேன். “வெளிச்சத்துல புடிச்சுப் படி” என்றேன்.

அவள் என்னைப் போல இல்லை, ஒரே பார்வையில் படித்துவிட்டாள். தாளை இறக்கவில்லை. பிடித்தபடியே நின்றாள். ரோட்டில் லாரி ஒன்று போய், அப்புறம் ஒன்று போனது. அத்தையா இப்படி என்று கேட்பாள், என் படிப்பு போச்சே என்று அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“அப்பன்னா அப்பா அன்னைக்கே போட்டுட்டாரா?” என்றாள்.

“போட்டுட்டாரு.”

“பொட்டிக்குள்ள உழுந்த சத்தம் கேட்டுதுன்னு எங்கிட்டயும் சொன்னாரும்மா. நான் ஆமா ஆமான்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டேன்.” அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். “அதுக்கப்பறம் அவரு சாகற வரைக்கும் ஒரு தபாலக்கூட அவருகிட்டக் குடுத்துப் போடச் சொன்னதில்லம்மா நானு. தெரியும் அவருக்கு. கல்யாணப் பத்திரிகையக்கூட நானே போயிப் போட்டேன்.”

நேரில் கேட்கக் கிளம்பியவரை நான் தடுத்ததையும் சொன்னேன். அவள் என் பக்கம் பார்க்கவில்லை. எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து, தாளைப் பழையபடி மடித்து, தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். “இது எங்கிட்ட இருக்கட்டும். எங்க வீட்டுக்காரருகிட்ட எப்ப சொல்றது, இலக்கியாகிட்ட என்ன சொல்றதுன்னு நான் பாத்துக்கறேன். நீ யாருகிட்டயும் எதையும் எழுதச் சொல்லாத” என்று சொல்லிவிட்டு நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அதனால்தான் நானே எழுதுகிறேன்.

எல்லாக் காப்பியையும் சேர்த்து வைத்த நீ, அந்த ஒரு காப்பியை மட்டும் கிழித்துப் போட்டாய். கார்பனை ஏன் விட்டுவைத்தாய்? மறந்தாயா? வீணாக்கக் கூடாது என்ற ஆபீஸ் பழக்கமா? இல்லை, எனக்குத் தெரியட்டும் என்றா? தெரியட்டும் என்று நினைத்திருந்தால் உயிரோடு இருக்கும்போது என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். என் மகளுக்கு ஒரு அப்பாவைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம், அவர் இருக்கும்போதே.

விரல் மை நாளைக்கோ மறுநாளோ போய்விடும். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது வேறு. இப்போதெல்லாம் எதிலும் படிக்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. பேங்கில் சீட்டை வாங்கி, வாய்விட்டு, எழுத்துக் கூட்டி, முதல் வரியிலிருந்து படிக்கிறேன். பின்னால் நிற்பவர்கள், “சீக்கிரம் பாட்டி” என்கிறார்கள். போன வாரம் ஒரு பையன் சிரித்தான். “சிரிச்சுக்கப்பா. எம்புட்டு நேரமானாலும் படிச்சுட்டுத்தான் போடுவேன்” என்றேன்.

இந்தக் கடிதத்துக்கும் அடியில் ஒரு கார்பன் வைத்திருக்கிறேன். பாடாலூரில் இரண்டு கடையில் கேட்டும் இல்லை, பெரம்பலூரில் கிடைத்தது. புதுசு. உனக்கு அனுப்ப முகவரி இல்லாததால் மேல் தாள் டின்னுக்குள் போகும், நீ கிழித்துப் போட்ட காப்பி இருக்க வேண்டிய இடத்தில். காப்பி செல்விக்கு. அவளை நான் போய்ப் பார்க்கவில்லை, தபாலில்தான் அனுப்பப்போகிறேன். அவர் போட்ட அதே பெட்டியில் போட்டுவிட்டு, விழுகிற சத்தம் கேட்கும்வரை நின்றுவிட்டு வருவேன்.

முதலிலிருந்து ஒருமுறை சத்தமாகப் படித்துவிட்டேன். எழுதியதைத்தான் படித்தேன். இப்போது கையெழுத்துப் போடுகிறேன், அழுத்தி.